கேட்டுக்கு வெளியே ஒன்பது நாள்

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நான் அலுவலகத்தில் பழைய சுற்றறிக்கைகளைக் கோப்பில் கோத்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் டவுனில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை. என் மகள் படித்தது வேறு இடத்தில், மதுரை ரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில், எட்டாம் வகுப்பு. "உடனே வாங்க, பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னது. எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன்.

பிரின்சிபால் அறையில் மகள் பீரோவை ஒட்டி நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொண்ணுங்க பாத்ரூம் சுவத்துல ஒரு டீச்சரைப் பத்தி அசிங்கமா எழுதியிருக்கா" என்றார் பிரின்சிபால். "டி.சி. வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னா அவளுக்கும் நல்லது. பேரு கெடாது."

"என்ன சார் எழுதினா?"

"அதெல்லாம் வாயால சொல்ற மாதிரி இல்லம்மா."

"நான் போய்ப் பாக்கலாமா?"

"வெள்ளையடிச்சாச்சு."

"போட்டோ எதுவும் எடுத்தீங்களா?"

டைப் செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால்' என்று அது தொடங்கியது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அந்த வாக்கியத்தை நான் படிக்க வேண்டியதே இல்லை. என் பள்ளியில் என் கையாலேயே அதை எத்தனையோ முறை அடித்துக் கொடுத்திருக்கிறேன். யாரோ ஒரு அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். "எங்க போடணும்மா?" என்று கேட்பார். நான் விரலை வைத்துக் காட்டுவேன். அவர் பிள்ளை என்ன செய்தான், யாராவது அவனிடம் கேட்டார்களா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்தக் கையெழுத்து விழாமல் டி.சி. நகராது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. இல்லன்னா பாப்பா கிளாஸுக்கு வரவேணாம்."

"அதை எழுதிக் குடுங்க சார்."

அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். "எதை?"

"கிளாஸுக்கு வரவேணாம்னீங்கல்ல, அதை. என்ன காரணம்னும் எழுதி, சீல் வச்சுக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரர் பேகம்பூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டார். "என்னத்துக்கு இம்புட்டு மல்லுக்கட்டு? டி.சி.யை வாங்கி வேற ஸ்கூல்ல சேத்துருவோம். நாளைக்கு அவள அங்க நிம்மதியா இருக்க விடுவாகளா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சனியும் ஞாயிறும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஞாயிறு சர்ச் பூசையில் முழங்காலிட்டபோதுகூட அந்தத் தாள்தான் கண்முன் நின்றது. அலுவலகத்தில் நான் கோத்து வைத்த சுற்றறிக்கைகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிக்கும் அதையே சொல்கிறது. பல வருடங்களாகத் துளை போட்டுக் கயிற்றில் கோத்ததைத் திங்கட்கிழமை காலையில்தான் வரி வரியாகப் படித்தேன்.

இன்னொரு பயமும் இருந்தது. பிள்ளை வீட்டிலேயே இருந்தால், தொடர்ந்து வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிப் பெயரை அடித்துவிடலாம். அப்படி அடிக்கப்பட்ட பெயர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் தினமும் அவளுக்குச் சீருடை போட்டு, ரெட்டைச் சடை பின்னி, மணியடிப்பதற்கு முன்னால் பள்ளி கேட்டுக்குக் கூட்டிப்போனேன்.

வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா. என்னை எதுவும் நெனைச்சுக்காதீங்க."

"உங்களை ஒண்ணும் சொல்லலண்ணே" என்பேன். மகளை கேட்டுக்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பேன். 'இன்று அழைத்து வந்தேன், அனுமதிக்கவில்லை' என்று எழுதிய தாளைப் பதிவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுவேன். அவள் அப்பாவோடு கடையில் இருப்பாள்.

மூன்றாம் நாள் பள்ளி வேன்கள் வரிசையாக உள்ளே போனபோது ஜன்னல் வழியே யாரோ அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் என் பின்னால் ஒளிந்தாள்.

"ம்மா, நாளைக்கு நான் வரலம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"செத்த நேரம்தான். போட்டோ எடுத்துட்டுப் போயிரலாம்."

"உனக்குப் போட்டோதான் முக்கியம்" என்றாள்.

அது எனக்குச் சுருக்கென்றது. இருந்தும் மறுநாளும் கூட்டிப்போனேன். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் பாதி விடுப்பு எடுத்து, தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவோடு காத்திருந்தேன். முதல் நாள் அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் மனுவை வாங்கிக்கொண்ட எழுத்தர், "போங்கம்மா, பாத்துச் சொல்லுவோம்" என்றார். என் கையிலிருந்த நகலிலும் சீல் போடும்வரை நான் மேசையை விட்டு நகரவில்லை. "நீங்களும் ஆபீஸ் வேலைதானாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். சிரித்துக்கொண்டே தேதியையும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்பதாவது நாள் கேட்டில் நிற்கும்போதே கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளியிலேயே விசாரணை, குழந்தையோடு வரவேண்டும் என்றார்கள்.

மறுநாள் வாட்ச்மேன் எதுவும் சொல்லாமல் கேட்டைத் திறந்தார். விசாரிக்க வந்த அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பிரின்சிபாலும், சுவரில் பேர் வந்த கணக்கு ஆசிரியையும் ஒரு பக்கம், நானும் வீட்டுக்காரரும் மகளும் எதிர்ப் பக்கம். என் பையில் ஒன்பது போட்டோக்களின் பிரிண்ட், தபால் ரசீதுகள், சுற்றறிக்கையின் நகல். எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைக்கத் தொடங்கினேன். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருக்கட்டும்மா, அப்புறம் பாக்குறேன்." பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணுகிட்ட யாராவது கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு மேடம்? ரெண்டு பிள்ளைங்க பாத்திருக்காங்க."

"நீங்க கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

இல்லை என்று தலையசைத்தேன். அத்தனை நாளும் அவளைச் சாப்பிடச் சொன்னேன், கிளம்பச் சொன்னேன், கேமராவைப் பார்க்கச் சொன்னேன். நீ எழுதினாயா என்று மட்டும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

அதிகாரி மகளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நீ சொல்லுடா. எழுதினியா?"

"எழுதினேன் மிஸ்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன எழுதின?"

"கணக்கு மிஸ் ஸ்கேலைச் சாச்சு வச்சு அதோட ஓரத்தால அடிக்கிறாங்கன்னு எழுதினேன். அந்த ஒரு வரிதான் மிஸ். மத்த கெட்ட வார்த்தையெல்லாம் முன்னாடியே யாரோ எழுதி வச்சிருந்தாங்க."

"உன்னை அடிச்சாங்களா?"

"என்னை இல்ல. எங்கூட உக்காருற பிள்ளைய. விரல் மொளியில. அவளால ரெண்டு நாள் பேனா பிடிக்க முடியல. நான்தான் அவளுக்கு நோட்ஸ் எழுதிக் குடுத்தேன்."

கணக்கு ஆசிரியை, "பிள்ளைங்க படிக்கணும்னுதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளையடித்து மறைத்தது எந்த வரியை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுவரில் எழுதியது தப்பு என்று அதிகாரி அவளிடம் கண்டிப்பாகவே சொன்னார். அதற்காகப் பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை என்று பிரின்சிபாலிடம் சொன்னார். விடுபட்ட நாட்களுக்கு வருகைப்பதிவு கொடுக்கவும், அன்றே வகுப்பில் உட்கார வைக்கவும் எழுதிக் கையெழுத்திட்டார். அடித்த விஷயத்துக்கு அந்தப் பிள்ளையின் பெற்றோர் புகார் தந்தால் தனியாக விசாரிப்பதாகச் சொன்னார். மகள் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சோற்றோடு அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வெஞ்சனம் செய்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அடிபட்ட பிள்ளையின் அம்மா சின்னாளப்பட்டியிலிருந்து வந்தார். என்னைவிட இளையவர். நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். "எம்பிள்ள கதவிடுக்குல கை நசுங்கிருச்சுன்னு சொல்லிச்சுக்கா. நானும் நம்பிட்டேன். புகாரு எப்புடி எழுதணும்னு நீங்க சொல்லித் தருவீகளா?"

வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் வரை அவரே எழுதினார். பிள்ளையின் பெயர் வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"எங்க வீட்ல வேணாம்ங்கிறாக. இன்னும் ரெண்டு வருசம் அங்கதான படிக்கணும்? உங்க பிள்ளைய இப்ப எப்படி வச்சிருக்காக?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கணக்கு மிஸ் அவளைப் பாக்குறதே இல்ல. ரெண்டு பிள்ளைங்க பேசறதில்ல. மத்தபடி போயிட்டு வாரா."

அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுட்டு வாரேங்க்கா" என்று எழுந்தார். பஸ் ஸ்டாப்புவரை கூடவே நடந்தேன். பஸ் போன பிறகும் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் அங்கேயே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தேன்.