பச்சைமலையில் கை காட்டியவள்

இது கதை இல்லை. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதை எழுதும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. என் பெயர் பிரேமலதா. திருச்சி புத்தூரில் இருக்கிறேன். நடந்தது போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

நானும் என் கணவர் பூவரசனும் பச்சைமலையைச் சுற்றிப் பார்க்கக் காரில் போயிருந்தோம். துறையூர் தாண்டி மலை ஏறினால் காற்றே மாறிவிடும். மரவள்ளிக் காடு, முந்திரித் தோப்பு, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன ஊர்கள், ஒரு அருவி. ஊர் ஊராக நின்று நின்று பார்த்தேன். அவர் மட்டும் காரை விட்டு இறங்கவே இல்லை. தலைவலி என்றார்.

மாலை 4.35. இறங்க ஆரம்பித்தோம்.

மூன்றாவது வளைவில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். பச்சைப் புடவை. வலது முழங்காலுக்குக் கீழே துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். கையை நீட்டினாள்.

"நிறுத்துங்க. பாவம், கால்ல ஏதோ அடி."

"கண்டவங்களையும் ஏத்த முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின் சீட் காலியாகக் கிடக்கிறது. என்ன மனுஷன் இவர்?

4.41. அடுத்த வளைவு. அங்கேயும் அவள்.

அதே புடவை. அதே கட்டு. குறுக்குப் பாதையில் இறங்கியிருப்பாளோ? அந்தக் காலோடு... எப்படி?

4.44. மறுபடியும்.

இப்போது கால் வீங்கியிருந்தது. நீலமாக.

என்னை அவள் பார்க்கவே இல்லை. ஓட்டுகிறவரை மட்டும்தான் பார்த்தாள்.

அவர் வேகமாக மிதித்தார்.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!" கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் உதறி நின்றது. இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

"ஏறும்மா!"

ரோட்டில் யாரும் இல்லை.

ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

கதவை மூடிவிட்டு முன்னால் ஏறினேன். கார் நகர்ந்தது.

டிங்... டிங்... டிங்...

பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது.

திரும்பினேன். காலி.

ஆனால் சீட்... அமுங்கியிருந்தது.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மெதுவாக...

இன்னும் மெதுவாக...

5.20. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் வாசலில் அந்த பெல்ட் மணி நின்றது; அவர் காரை நிறுத்தினார். எங்கள் இருவர் கையும் படாமல் பின்கதவு திறந்தது.

நான் உள்ளே ஓடினேன். நர்ஸ் பாக்கியமேரி தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பயப்படவில்லை. முகம் கோபத்தில் சிவந்தது.

"அது வள்ளிக்கண்ணுங்க. போன ஆடிப் பதினெட்டு அன்னிக்குக் காட்டுல பாம்பு கடிச்சிருச்சு. அதுவே நொண்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்து கை காட்டியிருக்கு. லீவு நாளு. வரிசையா டூர் கார். ஒருத்தரும் நிறுத்தல. கடைசியில பால் வண்டிக்காரர்தான் தூக்கிட்டு வந்தார். என்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதுச்சுங்க. அரை மணி முன்னால வந்திருந்தா பொழைச்சிருக்கும்."

ஆடிப் பதினெட்டு. அன்று நான் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தனியாகப் புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆயுசுக்காக. அவர் ஆபீஸ் நண்பர்களோடு டூர் போயிருந்தார். கொல்லிமலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

வெளியே வந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் பஸ்ல போறேன்" என்றேன். அவ்வளவுதான். வள்ளிக்கண்ணு என்ற பெயரைச் சொல்லவில்லை. பாம்பைச் சொல்லவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு எல்லாருந்தான் நிறுத்தாம போனாங்க. நான் மட்டுமா?"