தாராவி சௌக்கில் வெடித்த நான்கு டைல்ஸ்

மும்பையில் இருந்துகொண்டு பொங்கலுக்குத் தாராவிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களில் நானும் ஒருத்தி. நெருளில் பத்தாவது மாடியில், கேஸ் அடுப்பில் குக்கர் வைத்துப் பண்டிகையை முடித்துக்கொள்கிற ஆள். இந்த வருடம் போனதற்குக் காரணம் உண்டு. அங்கே நான்கு சந்துகள் கூடும் ஒரு சின்ன சௌக்கைப் புதுப்பிக்க வரைபடம் போட்டவள் நான். வேலை முடிந்தபின் வரும் முதல் பொங்கல். நம் வேலையைப் பார்த்து நாமே பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

காலை 5.12க்கு ரயில். குர்லாவில் மாறி, சயானில் இறங்கும்போது 6.05. டிக்கெட் 15 ரூபாய். ஆட்டோவுக்கு 26 ரூபாய், அதுவும் பாதி தூரம்தான்.

"உள்ள ரஸ்தா பந்த் மேடம். ரோடு பூரா அடுப்பு" என்று ஓட்டுநர் இறக்கிவிட்டார்.

மீதி 400 மீட்டர் நடை. இருபுறமும் செங்கல் அடுப்புகள் வரிசையாக. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

நான் போட்ட சரிவுப் பாதையில் செல்வியக்கா சக்கர நாற்காலியில் ஏறி வந்திருந்தார். அதே சந்தில் இட்லி மாவு விற்பவர். முன்பு அங்கே மூன்று படிகள் இருந்ததால், வருடா வருடம் வீட்டு வாசலில் இருந்தபடியே மற்றவர்கள் பொங்க வைப்பதைப் பார்த்தவர். இந்த முறை தன் கையால் வைக்கப்போவதாகச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மடியில் புதுப் பானை.

சரிவு, டைல்ஸ் பதித்த மேடையில் பெஞ்சுகளுக்கு முன்னால் முடிந்தது. அடுப்புக்கென்று விட்ட மண் தரை, அந்தப் பக்கம் இரண்டு படி இறக்கத்தில்.

"ஸ்லோப்பு நல்லா இருக்கு மேடம். ஆனா பெஞ்சுகிட்ட கொண்டாந்து விட்டுட்டீயளே. நான் பாக்கவா வந்தேன்?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வரையுமுன் சந்தில் விசாரித்தபோது, அடுப்புக்கு மண் தரை வேண்டும் என்று கேட்டதைக் குறித்துக்கொண்டேன். சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டும் என்று கேட்டதையும் குறித்துக்கொண்டேன். இரண்டையும் கேட்டது செல்வியக்காதான் என்பதை மறந்து, இரண்டு மூலையில் வரைந்துவிட்டேன்.

கீழே பானையைக் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். "ஏக்கா, நீ அங்கனயே இரி. நாங்க மேல வாரோம்."

செங்கல்கள் மேலே வந்தன. ஒன்றல்ல, பதினொரு அடுப்பு. "சூட்டுல டைல்ஸ் வெடிச்சிரும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வெடிக்கட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் விறகை அடுக்கினார்.

செல்வியக்கா நாற்காலியில் குனிந்து, நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். 7.20க்குப் பானை பொங்கியது. குலவைச் சத்தத்துக்கு நடுவே டைல்ஸ் வெடித்ததை நான் மட்டும்தான் கேட்டிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

போக நினைப்பவர்கள் ஆறரைக்குள் போய்விடுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். சாப்பிடாமல் போங்கள், ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு கை பொங்கல் கிடைக்கும். பொது இடம் வரைகிறவர்களாக இருந்தால், பண்டிகை நாளில் ஒருமுறை போய்விட்டு அப்புறம் பென்சிலைத் தொடுங்கள்.

மறுவாரம் ஒப்பந்தக்காரர் போன் செய்தார். நான்கு டைல்ஸ் போய்விட்டதாம், அதே நிறத்தில் மாற்றிவிடலாமா என்று கேட்டார். அந்த வரிசை முழுவதையும் பெயர்த்துவிட்டு மண் கொட்டச் சொன்னேன்.