இரட்டைக் கோடு

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியை. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். புத்தகத்தில் இல்லாத கதைகளைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அன்று பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம். ஜெர்மனியில் போர் நடக்கும்போதே நாஜி அரசை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் எழுதிப் பிடிபட்டு, உயிரை விட்ட கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சொன்னேன். வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது.

"அவங்கள யாரு மிஸ் புடிச்சிக் குடுத்தது?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். அவள் அப்பாவுக்குக் கனகம்மாசத்திரத்தில் இளநீர்க் கடை.

"அந்தக் காலேஜ் வாட்ச்மேன்தான். ச்சே, அவனெல்லாம் ஒரு மனுஷனா!" என்றேன்.

எங்கள் பள்ளியில் தாமதமாக வந்தால் மைதானத்து வெயிலில் முட்டி போட வேண்டும். திருத்தணி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மாதம் ஒரு பையன் மயங்கி விழுந்தான். நாங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போய்விட்டோம். மறுவாரம் எல்லாப் பெஞ்சுகளிலும் கையால் எழுதிய தாள்கள் கிடந்தன. 'இனி யாரும் முட்டி போட வேண்டாம்' என்ற கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

தாளாளர் எங்களைக் கூப்பிட்டு, யார் கையெழுத்து என்று கேட்டார். அந்த முதல் பெஞ்சுப் பெண் எழுத்தை மாற்றித்தான் எழுதியிருந்தாள். ஆனால் முக்கியமான வரிக்கு ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதை விடாமல் செய்தவள் அவள் ஒருத்திதான்.

"நீங்கதான் கிளாஸ்ல கண்ட கதையெல்லாம் சொல்லிகினு இருக்கீங்களாமே?" என்று தாளாளர் என் பக்கம் திரும்பினார். அவள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

என் எதிரிலேயே அவளை விசாரித்தார்கள். கூட யார் யார் என்றதற்கு, "நான் மட்டும்தான் சார்" என்றாள். எந்த டீச்சர் தூண்டிவிட்டது என்று கேட்டார் தாளாளர். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"யாரும் இல்ல சார். எனக்கே தோணிச்சி."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அன்று மாலையே டி.சி. கொடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அவள் அப்பா கடையை மூடிவிட்டு ஓடி வந்தவர், வராந்தாவில் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"என் பொண்ணு இன்னாங்க தப்பு பண்ணிச்சி? நீங்கன்னா அதுக்கு உசுருங்க. சொல்லுங்கம்மா."

"ஆபீஸ்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தாமதமாக வந்த ஏழு பிள்ளைகளை மைதானத்தில் முட்டி போடச் சொன்னார்கள். ஒருவரும் போடவில்லை, நின்றுகொண்டே இருந்தார்கள். அதோடு அந்த வழக்கம் ஒழிந்தது. அதற்கும் நான் எதுவும் செய்யவில்லை, ஜன்னல் வழியே பார்த்தேன்.

இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் அந்தப் பாடம் வருகிறது, ஏதாவதொரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கிறது. வாட்ச்மேன் என்று பதில் சொல்கிறேனே தவிர, அவனைத் திட்ட எனக்கு இப்போது வாய் வருவதில்லை.