பனி ஊரில் பொறுக்கிய முடி

எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. போய் வந்தவர்கள் சொர்க்கம் என்கிறார்கள். எங்கள் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து நடக்கிற மார்கழியில், பெருமாளை விட்டுவிட்டு ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஊரில் ஏழு நாள் கிடந்தேன். சொர்க்கத்துக்கு வாசல் எங்கள் கோவிலில்தான் இருக்கிறது, அந்தப் பனி ஊரில் நான் எந்த வாசலையும் பார்க்கவில்லை.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். வருஷா வருஷம் அவனும் மருமகளும் பனிச்சறுக்குக்குப் போவார்கள். இந்தத் தடவை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என் மனைவிக்கு வீசிங், குளிர் ஆகாது. அதனால் நான் மட்டும் போனேன். அது போதாதென்று மருமகளின் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவியை இழந்தவர், பாலக்கரையில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "மாப்பிள்ளை தங்கம். அப்பாதான் பொன்மலை ஷெட்டுல சுத்தியல் புடிச்சவரு" என்று சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே பட்டறையில் சுத்தியல் பிடித்துத்தான் அந்தத் தங்கத்தைப் படிக்க வைத்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் 'வாங்க', 'சாப்பிட்டீங்களா' இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை.

பேத்திக்கு அப்போது மூன்று வயது முடிய நாலு மாதம் இருந்தது. எட்டாம் மாசத்திலேயே பிறந்த குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் குழாயாக மாட்டி வைத்திருந்த போட்டோவை மகன் அனுப்பினான். அன்றே பஸ் ஏறி சமயபுரம் போய், ஆத்தா, பிழைக்க வை, முதல் முடி உனக்கு, அதுவரை கத்தரி படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தது. முடியும் தோளுக்குக் கீழே வளர்ந்துவிட்டது. கண்ணில் விழுகிறது, சாப்பாட்டில் விழுகிறது என்று மருமகள் முணுமுணுப்பாளே தவிர கத்தரி வைக்கவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. சித்திரையில் திருச்சி வந்து மொட்டை போடுவதாகப் பேச்சு.

காலையில் சின்னவர்கள் இருவரும் சறுக்கு மட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள். பனிச்சறுக்குத் தெரியாதவர்கள் என்னென்ன செய்யலாம் என்று ஓட்டலில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மகன் அதில் நாளுக்கு ஒன்றாகப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டான். இரண்டு கிழவர்களும் ஒரு குழந்தையும் அந்த வட்டங்களின் பின்னால் அலைந்தோம்.

முதல் நாள் பனிக்கட்டித் தரையில் சறுக்குவது. குழந்தைகள் பிடித்துக்கொள்ள பிளாஸ்டிக்கில் ஒரு பென்குவின் பொம்மை கொடுக்கிறார்கள். பேத்தி அதைத் தள்ளிக்கொண்டு ஜோராகப் போனாள். நான் யார் யாரோ போட்டுக் கழற்றிய தோல் பூட்ஸை மாட்ட மாட்டேன் என்று கம்பிக்கு வெளியே நின்றேன். சம்பந்தி மாட்டிக்கொண்டு இறங்கி, மூன்றாவது அடியில் மல்லாந்து விழுந்தார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் எழுந்து வந்து, "வெளிய நின்னு சிரிக்க எந்தப் பூட்ஸும் வேணாம்" என்றார்.

இரண்டாம் நாள் மரச் சறுக்குவண்டி. ஒரே வண்டியில் மூன்று பேர் உட்கார வேண்டும், பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் என்னைப் பிடிக்க மாட்டேன் என்றார், நானும் பிடிக்க விட மாட்டேன். பேத்தியை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பலகையைப் பிடித்தபடி இறங்கியதில் வண்டி வேலியில் போய் முட்டியது. பேத்தி மட்டும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றாள்.

மூன்றாம் நாள் வெந்நீர்க் குளம். திறந்தவெளியில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே கழுத்தளவு சூடான தண்ணீர். நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சம்பந்தி வரவில்லை, இடுப்பு வலி என்று அறையில் படுத்துவிட்டார். நான் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வெதுவெதுப்பு உடம்பில் பட்டதும் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ஊரில் இருந்தால் இந்நேரம் காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நிற்பேன். ரங்கா ரங்கா என்று வாய் தானாகச் சொன்னது. கை தானாகக் குழந்தையின் மூக்கைப் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று முழுக்கு.

காவிரியில் முங்கி எழுந்தால் வெயில் துவட்டிவிடும். இங்கே அவ்வளவு முடியையும் துண்டால் துடைத்துத் தொப்பிக்குள் திணித்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். தொப்பிக்கு வெளியே தொங்கியதெல்லாம் குச்சி குச்சியாக உறைந்துவிட்டது. தொட்டால் சத்தம் வந்தது. பேத்தி முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

மறுநாள் காலை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். தலை எப்படி நனைந்தது என்று மருமகள் கேட்டாள். தண்ணீர் தெறித்தது என்று சொன்னேன். பொய். அறுபத்தாறு வயதில், நெற்றியில் திருமண்ணோடு. அவள் நம்பினாள். மருந்து கொடுத்ததும் மதியத்துக்குள் வலி அடங்கியது. பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுப்பவர் காத்திருக்கிறார் என்று மகனும் மருமகளும் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். நான் சற்றுக் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது அறையில் யாரும் இல்லை. போனில் எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு படம் வந்திருந்தது. பெரிய நாற்காலியில் சம்பந்தி, அவர் மடியில் பேத்தி, இரண்டு பேருக்கும் கழுத்தில் வெள்ளைத் துணி. பேத்தியின் முடி காதுக்கு மேலே நின்றது.

முதல் நாள் போன பனிக்கட்டித் தரைக்கு எதிரேதான் அந்த சலூன். செருப்பு மாட்டினேனா பூட்ஸ் மாட்டினேனா நினைவில்லை, வழியில் இரண்டு முறை விழுந்தேன். கதவைத் திறந்தபோது ஒரு பெண் துடைப்பத்தால் முடியை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தின் மேலேயே கையை வைத்து நிறுத்தினேன். தரையில் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்து கொடுத்தாள்.

"எழுந்திருங்க சம்பந்தி. நாலு பேர் பாக்கிறாங்க."

"ஆத்தாளுக்கு நேர்ந்த முடி. இதுல கை வைக்க நீங்க யாரு?"

"காது வலிச்சு அழுத புள்ளைக்குத் தாத்தா. இவ்வளவு முடி நனைஞ்சா ஈரம் காயவே மாட்டேங்குது, அதான் வெட்டச் சொன்னேன். உங்க வேண்டுதலுக்குப் புள்ள சாகணுமா?"

நான் எழுந்தேன். அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூக்கப் புடிச்சு முங்க வச்சத புள்ள என்கிட்ட சொல்லிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவர் சொல்லியிருக்கலாம். அன்று மாலை மருமகள் முடியைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களாப்பா என்று அவரைப் பிடிபிடி என்று பிடித்தாள். எனக்குத் தொந்தரவா இருந்துச்சு, வெட்டிட்டேன் என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. என் மகனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அங்கேயே உட்கார்ந்து சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பந்தியில் சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மிச்ச மூன்று நாளும் தாளில் இருந்த வட்டங்களுக்கு அவர் பேத்தியோடு போனார், குதிரை வண்டியோ என்னவோ. நான் அறையில் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ரீரங்கம் வந்ததும் என் மனைவி முடியைச் செய்தித்தாளில் பரப்பிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தங்க நிறத்தில் கிடந்ததெல்லாம் வெள்ளைக்காரர்களுடையது, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். நடுவில் வெள்ளை முடியும் இருந்தது. குழந்தை பயப்படாமல் இருக்கத் தனக்கும் வெட்டிக்கொண்டாராம் சம்பந்தி. அதை நான் எடுத்தேன். வெளிச்சத்தில் காட்டி, திருப்பி, ஒன்று விடாமல் எடுத்தேன். இரண்டு நாள் ஆனது. மிச்சத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தோம்.

சித்திரையில் வந்தார்கள். மொட்டைக்குக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மருமகளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அந்த மடி அவள் அப்பாவுடையதுதான். நான் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போய் முறைப்படி அழைத்தேன். கடையில் பைப்புகளுக்கு நடுவில் நின்றபடி வாங்கிக்கொண்டார். வரேங்க என்றார். நான் வரேன் என்று திரும்பிவிட்டேன்.

சமயபுரத்தில் மொட்டை மண்டபத்தில் சரியான கூட்டம். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கினார். நாலு மாதத்தில் முடி காதைக் கொஞ்சம் மூடுகிற அளவுதான் வளர்ந்திருந்தது. நாவிதர் தண்ணீர் தெளித்துவிட்டு, ஏற்கெனவே கத்தரி போட்டுட்டீங்களா என்று கேட்டார். மருமகள் தன் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கையில் மஞ்சள் முடிச்சு இருந்தது. இந்தப் பொய்யோடு அதைக் காணிக்கை முடி போடுகிற தொட்டியில் போட்டால் ஆத்தா எடுத்துக்கொள்வாளா?

மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் தெறிக்கவில்லை, நான்தான் மூன்று முழுக்குப் போட வைத்தேன், காது வலி அதனால் வந்தது, அவருக்கு அது தெரியும்.

மருமகள் தன் அப்பா பக்கம் திரும்பினாள். மகன், "ஏம்பா, அப்பவே சொல்லிருக்கலாமே" என்றான்.

"இப்ப எதுக்கு சம்பந்தி இதெல்லாம்?" என்று அவர் கேட்டார்.

"ஆத்தா முன்னாடி நிக்கிறப்ப உங்ககிட்ட எனக்கு எதுவும் பாக்கி இருக்கக் கூடாது."

அவர் சரி என்பது போலத் தலையை ஆட்டினார். சமாதானம் ஒன்றும் இல்லை. நாவிதர் கத்தியை வைத்தார், பேத்தி அலறினாள், அவர் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினேன். அவர் எழுந்து, புது வேட்டியின் மடியில் ஒட்டியிருந்த பொடி முடியைத் தொட்டியின் மேலேயே தட்டிவிட்டார். குனிந்து பார்த்தேன். ஒரு வெள்ளை முடிகூட இல்லை. எல்லாம் கறுப்புதான்.