வியாழக்கிழமைத் தண்ணீர்

நீதிமன்றம் போகுமுன் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபை கூடிய அந்தச் சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு பேர் இருந்தோம். சபையார் மூவர், அப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான சித்தப்பா, நான். என் அண்ணை வரவில்லை, சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டத்துப் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். சட்டம் படித்தவர் எவரும் வரவில்லை. அந்தக் குறை அப்பாவுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

எங்களுடையது பல குடும்பங்கள் முறைவைத்து இறைக்கும் பங்குக் கிணறு. எந்தக் கிழமை யாருக்கு இறைப்பு என்று பழைய காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. வியாழனும் சனியும் எங்களுடையவை. அப்பா நோயில் கிடந்தபோது, "நான் எழும்பும்வரை வியாழனை நீ இறை" என்று சித்தப்பாவுக்கு வாயால் விட்டுக்கொடுத்தார். வருடங்கள் ஓடின. அண்ணை தோட்டத்தைப் பெருப்பித்து வியாழனைத் திருப்பிக் கேட்டபோது, சித்தப்பாவின் வழக்கறிஞரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நடுவே இலத்தீனில் ஒரு வரி.

நான் அப்போது தெற்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், இலத்தீன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். என்ன பாடம் என்று கேட்ட அப்பாவுக்கு, "டொக்டர்மாரும் அப்புக்காத்துமாரும் பாவிக்கிற பாஷை" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் வழக்கறிஞரைக் குறிக்கும் அந்த 'அப்புக்காத்து' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் ஊரில் "மகன் சட்டம் படிக்கிறான்" என்று சொல்லத் தொடங்கியபோது நான் திருத்தவில்லை. வகுப்பிலும் இதே கோழைத்தனம்தான். ரோம நாட்டுக் கமக்காரன் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடும் செய்யுளை விளக்க விரிவுரையாளர் திணறினார். எனக்கு அது கைப்பழக்கம். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று வாய் திறக்கவில்லை.

சபைத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "ஒரு வியாழன் உங்களுக்கு, மற்ற வியாழன் அவருக்கு. சரிதானே?" என்றார்.

"எனக்கு ஓம்," என்றார் சித்தப்பா, நீதிமன்றம் போக விரும்பாதவராய். "அண்ணையோடை கோடேற எனக்கென்ன விசரே?"

அன்று காலைதான் நான் பஸ்ஸால் வந்து இறங்கியிருந்தேன். அதுவரை மடித்து வைத்திருந்த கடிதத்தை அப்பா நீட்டினார். "தம்பி, அந்தப் பாஷையிலை என்ன கிடக்கெண்டு சொல்லு."

எழுந்து நின்று உரக்க வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: "விழித்திருப்பவருக்கே சட்டம் உதவும், தூங்குபவருக்கு அல்ல." பெயர்ப்பில் பிழையில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவின் முகம் விரிந்ததைக் கண்டேன். "இது எங்கடை பக்கத்துக்குத்தான் சாதகம். விட்டுக்குடுக்கத் தேவையில்லை," என்றேன். அந்த வரி நீதிமன்றத்தில் யாருக்கு உதவும் என்பது எனக்குத் துளியும் தெரியாது.

சித்தப்பா சிரித்தார். "பெடியன் லத்தீனிலை வெருட்டுறான். லத்தீனுக்குக் கிணறு ஊறுமே, அண்ணை? பாதியை எடு."

"படிச்சவன் சொல்லுறான். நீ சும்மா இரு," என்றார் அப்பா.

வழக்கு நீதிமன்றம் போனது. தற்காலிகமாகத்தான் வாயால் விட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. இவ்வளவு காலம் இறைத்தவருக்கே வியாழன் என்று தீர்ப்பானது. பாதிக்கு இணங்கியிருக்கலாம் என்று எங்கள் வழக்கறிஞர் முதல்நாளே சொன்னாராம். அதை அப்பா எனக்குச் சொல்லவில்லை, அண்ணைதான் சொன்னார்.

கடைசி வருட விடுமுறையில் வந்தபோது, எங்கள் வழக்கறிஞரின் கட்டணக் கணக்குக் கடிதத்தை அப்பா என்னிடம் தந்தார். அதுவும் ஆங்கிலம். "எவ்வளவெண்டு வாசி, தம்பி."

முகத்தில் கோபம் இல்லை. மகன் வாசிக்கக் கேட்கும் பழைய பெருமை அப்படியே இருந்தது. இம்முறை நான் எழுந்து நிற்கவில்லை.

"மூண்டு லட்சத்து நாப்பதாயிரம், அப்பா."