மத்தியான மிதி

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பாம்பனை அடுத்த அக்காள்மடத்தைச் சேர்ந்த ஹெலனுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு திருகுகளும் இரண்டு கம்பிகளும் வைத்துத் தைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நடந்தது இது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதையல்ல. அந்த வீடும் இருக்கிறது, அந்தக் கட்டிலும் இருக்கிறது. நம்பாதவர்களிடம் ஹெலன் மல்லுக்கட்டுவதில்லை. "நம்பாட்டி விடுங்க, எனக்கென்ன நட்டம்?" என்பாள்.

ஆறு வருடத்து வலி. பாம்பனில் மீன் எடுத்து, அன்னக்கூடையைச் சுமந்து, பஸ் ஏறி இராமநாதபுரத்துத் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். இடுப்பில் பிடித்ததென்றால் இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும். பஸ் படியில் நின்று அழுதிருக்கிறாள்.

அவளுக்கு வைத்தியம் நாலு வீடு தள்ளி இருந்த செபஸ்தியம்மாள். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்தவள். அப்படிக் காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். பிடிப்பு வந்தவர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள். செபஸ்தியம்மாள் வருவாள். குப்புறப் படுத்தவர்களின் இடுப்பில் வலது கால் பெருவிரலால் இடம் தேடுவாள். இடம் கிடைத்ததும் குதிகாலை ஊன்றி ஒரு மிதி. காசு வாங்க மாட்டாள். கூப்பிடாத வீட்டுக்குப் போக மாட்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டால் மழையானாலும் வந்து நிற்பாள்.

மிதித்தால் ஒரு வாரம் தாங்கும். அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அதுவும் தாங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், எலும்புகளுக்கு நடுவே இருந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் என்றார் டாக்டர்.

கணவன் கில்பர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. விசைப்படகில் போகிற ஆள். கடலில் எதற்கும் பயந்தவனில்லை. "முதுகுல கத்தி வெச்சா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாகளாம் புள்ள" என்றான்.

"இப்ப மட்டும் நான் எந்திரிச்சு ஆடிக்கிட்டா இருக்கேன்? மீன்புடி தடைக்காலத்துல ஆபரேஷனப் பண்ணிருவோம். ரெண்டு மாசம் படகு போகாது. கஞ்சி வெச்சுத் தர நீங்க கரையில இருப்பீக."

உறவுக்காரர்கள் எல்லோரும் தடுத்தார்கள். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. தானே மஞ்சள் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "எலும்பு கூடுற வரைக்கும் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. பெரண்டு படுத்தா கட்டை மாதிரி ஒரேசேரப் பெரளணும். முதுகுல யாரும் கை வைக்கக் கூடாது. அமுக்கி விடுறேன், நீவி விடுறேன்னு வந்தா விரட்டுங்க. ஒரு திருகு அசைஞ்சு நரம்புல பட்டுச்சுன்னா, அந்தக் காலு அம்புட்டுத்தான்."

மே 3 அன்று ஆம்புலன்சில் ஊர் திரும்பினாள். பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தடக் தடக்கென்று ஏறி இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மகள் ஜோஸ்லின் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு, லீவு முடிந்து திருப்பூருக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை. கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. கில்பர்ட் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கரையேற்றியிருந்த படகுக்கு வண்ணம் அடிக்கப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. ஹெலன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகு வாசல் பக்கம்.

தொப்.

வெறுங்கால் சிமெண்டுத் தரையில் படுகிற சத்தம்.

"யாரு?"

அவளால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது.

தொப்...

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஆள் நடந்தால் இரண்டு கால் சத்தம் வர வேண்டும். இதில் ஒன்றுதான் வந்தது. இன்னொன்று விழ வேண்டிய நேரத்தில் ஒன்றும் விழவில்லை. நொண்டி அடிக்கிற சத்தமும் இல்லை. அப்படியென்றால் குதிப்பது தெரியும். இது நிதானமாக, அவசரமில்லாமல் நடக்கிற கால்.

கட்டிலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

சாயங்காலம் கில்பர்ட் தரையைப் பார்த்துவிட்டு முணுமுணுத்தான். வாசலிலிருந்து கட்டில் வரை மணல் தடம். எல்லாம் வலது கால். உள்ளே வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"எதுத்த வீட்டுப் புள்ளைக நொண்டி ஆடியிருக்கும்."

"அதுக லீவுக்குத் தொண்டிக்குப் போயிருச்சுக. நீங்கதான பஸ் ஏத்தி விட்டீக?"

கில்பர்ட் துடைப்பத்தை எடுத்தான்.

புதன்கிழமை. மணி அடித்து ஓய்ந்ததும் அது வந்தது.

தொப்... தொப்...

இந்த முறை நிற்கவில்லை. கட்டில் வரை வந்தது. மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது.

முதுகில் கட்டியிருந்த பெல்ட்டின் மேல் ஏதோ பட்டது. சின்னதாக. ஒரு விரல் அகலம். அது இடுப்பு எலும்பிலிருந்து மேலே ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது.

இடம் தேடுகிறது.

ஹெலனுக்கு அந்தத் தேடல் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

கட்டை போல ஒரேசேரப் புரண்டு மல்லாந்தாள். தையல் சுரீரென்றது. அறையில் யாரும் இல்லை. வாசலில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மிரண்டு ஓடியது.

அன்று இரவு அவள் கில்பர்ட்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அழுவான். ஆபரேஷன் வேண்டாமென்று சொன்ன அத்தனை பேரும் நாளைக்கே வாசலில் வந்து நிற்பார்கள்.

வியாழக்கிழமை. மணி அடிக்கும் முன்பே மல்லாந்து படுத்துக்கொண்டாள். முதுகை மறைத்தாயிற்று. வாசலைப் பார்த்தபடி கண்ணை மூடாமல் கிடந்தாள்.

"வா, பாப்போம்" என்றாள் வாய்விட்டு.

தொப்...

தரையில் மணல் தடம் ஒன்று விழுந்தது. பிறகு, கொஞ்சம் தள்ளி, இன்னொன்று. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

கட்டிலை நெருங்கியது. நின்றது.

சத்தமில்லை...

போய்விட்டது என்று நினைத்தாள்.

தொப்.

கட்டிலுக்கு அடியில்.

பலகைக்குக் கீழேயிருந்து, மெத்தையைத் தாண்டி, பெல்ட்டைத் தாண்டி, அந்த விரல் மேலே அழுத்தியது. பிறகு குதிகால். வெடிப்பு விழுந்த, கல்லைப் போன்ற குதிகால். அது பாரத்தை ஏற்றத் தொடங்கியது.

இடது கால் சுண்டி இழுத்தது.

"நான் கூப்பிடல!" என்று கத்தினாள். "கேக்குதா? நான் கூப்பிடவே இல்ல! இது எம் முதுகு. நான் அறுத்துத் தச்சு வெச்சிருக்கிற முதுகு. எடு காலை!"

பாரம் கூடியது.

ஹெலன் பக்கவாட்டில் புரண்டாள். கால்களைக் கீழே தொங்கவிட்டாள். கைகளை ஊன்றி எழுந்தாள். அதுவரை யாராவது பிடிக்காமல் அவள் எழுந்ததில்லை. வாக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த மணல் தடங்களை மிதித்தே வெளியே போனாள்.

கில்பர்ட் வந்தபோது அவள் கொளுத்துகிற வெயிலில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"செபஸ்தியம்மா சித்திய யாரு கூப்பிட்டது?" என்றாள்.

அவன் வண்ணம் அப்பிய கைகளைப் பார்த்தான். "ஆபரேஷனுக்கு முந்தி... ஒரு மிதி மிதிச்சா நீ மனசு மாறிருவன்னு நெனச்சுக் கூப்பிட்டேன். வாரேன், கால்ல புண்ணு ஆறட்டும்னுச்சு. அப்புறம் நீ மதுரைக்குக் கெளம்பிட்ட. நான் மறந்தே போனேன்."

"இப்பவே போறேன் அங்க."

"வேணாம் புள்ள, போகாத. இந்த நேரத்துல நீ சித்தியப் பாக்கக் கூடாது..."

அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

செபஸ்தியம்மாள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வைக்கு வெளியே இடது பாதம் தெரிந்தது. வலது பக்கம், முழங்காலுக்குக் கீழே, போர்வை தட்டையாகக் கிடந்தது.

"சுகர் புண்ணுத்தா" என்றாள். "நீ மதுரையில கெடந்தப்ப எடுத்துட்டாக. ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"அந்தக் கால் எங்க சித்தி?"

"கல்லறையில பொதச்சாச்சு. ஃபாதர் செபம் சொல்லி மந்திரிச்சாரு."

ஹெலன் மூன்று நாள் கதையையும் சொன்னாள். செபஸ்தியம்மாள் ஆச்சரியப்படவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு போயிருச்சுன்னு எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல புள்ள. மத்தியானம் ஆனா நடக்குது. மண்ணு சுடுது. பெறகு சிமெண்டுத் தரை, குளுகுளுன்னு. டாக்டர்ட்டச் சொன்னேன். வெட்டுனவுகளுக்கு அப்பிடித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிரும்னாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் பலகை. அதுக்கு மேல பஞ்சு. அதுக்கும் மேல..." அவள் தயங்கினாள். "சில்லுன்னு இரும்பு தட்டுச்சு."

ஹெலனின் கட்டில் மரக் கட்டில். அதில் இரும்பே கிடையாது.

"நான் உங்களக் கூப்பிடல சித்தி."

"உம் புருசன் கூப்பிட்டான். வாரேன்னு சொல்லிட்டேன். கூப்பிட்ட வீட்டுல ஒரு முதுக மிதிக்காம அது அடங்காது போலருக்கு."

ஹெலன் வாக்கரோடு திரும்பி கில்பர்ட்டைப் பார்த்தாள். "கூப்பிட்ட ஆளு இங்கனதான நிக்கிறாரு. நல்லா அகலமான முதுகு. மிதிக்கட்டும்."

செபஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே கில்பர்ட்டு, படுப்பியா?"

"நான் எதுக்கு சித்தி..."

"அவ முதுகுல திருகு இருக்கு. ஒம் முதுகுல என்னலே இருக்கு, கொழுப்புத்தான?"

வெள்ளிக்கிழமை. மணி அடித்து ஓய்ந்தது. கில்பர்ட் சட்டையோடு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். ஹெலன் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாக்கரை முன்னால் நிறுத்திப் பிடித்திருந்தாள்.

"எதுவும் வரல புள்ள" என்றான், தலையணைக்குள் முகத்தை வைத்தபடி.

"பேசாம கெடங்க."

தொப்.

அவன் உடம்பு விறைத்தது.

தொப்...

தடம் ஹெலனின் நாற்காலியைக் கடந்தது. கடக்கும்போது ஒரு கணம் நின்றது. அவளுடைய முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்.

அவள் நகரவில்லை. "அங்கன" என்று விரலை நீட்டிக் காட்டினாள்.

மெத்தை அமுங்கியது.

கில்பர்ட்டின் சட்டையில் ஒரு சின்னக் குழி. அது மெல்ல மேலே ஊர்ந்தது... நின்றது... அதற்குக் கீழே பெரிய குழி ஒன்று விழுந்தது. குதிகால். முன்னால் ஐந்து விரல்.

"ஹெலனு... யாரு மிதிக்கிறா?"

"அசையாதீக."

"ஏசுவே..."

குழி ஆழமானது.

கட்டில் முனகியது.

பிறகு சட்டை மேலெழும்பி நேரானது.

"முடிஞ்சுதுல்ல?" என்றாள் ஹெலன் காற்றைப் பார்த்து. "போ."

சாயங்காலம் கில்பர்ட் எழுந்து, முதுகை முறுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். ஹெலன் மட்டும் வாக்கரை ஊன்றிக்கொண்டு செபஸ்தியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"இன்னைக்கு அவருதான் படுத்தாரு சித்தி. நான் நாக்காலியில உக்காந்துட்டேன்."

"அவனா?"

செபஸ்தியம்மாள் முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த கட்டையைத் தடவிக்கொண்டாள்.

"இன்னைக்கும் இரும்புதான் புள்ள தட்டுச்சு. நாலு எடத்துல. நல்லா அழுத்தி மிதிச்சேன்."

ஹெலன் இதைக் கில்பர்ட்டிடம் சொல்லவில்லை. இரும்பு இருந்தது அவள் முதுகில்தான்; ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அதில் எதுவும் படவில்லை.

ஜூன் 9 அன்று மதுரையில் படம் எடுத்தார்கள். நான்கு திருகுகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. இடது காலில் இழுப்பு இல்லை. வாக்கரை விட்டுவிடச் சொன்னார் டாக்டர்.

செபஸ்தியம்மாள் செப்டம்பரில் இறந்தாள். கால் புதைத்த இடத்தை ஒட்டியே அவளுக்கும் குழி வெட்டினார்கள்.

நவம்பரிலிருந்து ஹெலன் மறுபடியும் மீன் விற்கப் போகிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்துபோட்டு, அதே கட்டிலில் படுக்கிறாள். கூப்பிடாத வீட்டுக்கு அந்தக் கால் வராது என்று அவளுக்குத் தெரியும். குப்புறத்தான் படுக்கிறாள்.