ஜெனிற்றாவின் காருக்கு ஸ்டியரிங் மாற்றிய கதை

ஜெனிற்றாவின் கார் என் கராஜுக்கு வந்த அன்று அவளுடைய இடதுகைப் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தது. காரின் முன்சில்லு ஒன்று வளைந்து பக்கத்துச் சீற்றில் கிடந்தது. அவளுடைய அண்ணன் ரோலன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து இறங்கினான். இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்திவைத்துத் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள்.

"நானா, இந்த ஸ்டியரிங்கக் கழட்டிப்போட்டு வேற ஒண்டு போடவேணும்" என்றாள் ஜெனிற்றா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கழட்டக்கூடாது நானா. அதுக்குள்ள எயார்பேக் இருக்கு" என்றான் ரோலன்.

"கார் ஓடுறது நான்."

"காசு போட்டது ரெண்டு பேரும்."

மன்னார் உப்புக்குளத்தில் கராஜ் வைத்து எனக்குக் கனகாலம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன், அலைன்மென்ட், இவைதான் என் வேலை. இந்தத் தீவின் உப்புக்காற்று அடிப்பக்கத்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். நான் மாற்றிக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் மீன் லொறி, ஹயஸ் வான், முச்சக்கர வண்டி. இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் கார் எனக்குத் தெரிந்து தீவில் அந்த ஒன்றுதான். பேசாலையில் ஐஸ் கம்பனி நடத்தும் இந்த இரண்டு பேரும் பழைய ஜப்பான் காராக அதை வாங்கி, கார் புரண்டால் தலையைக் காக்கும் ரோல் பாரும் நாலு பட்டி பெல்ட்டும் போட்டு, தெற்கே உள்ள ரேஸ் ட்ராக்கில் ஓடுவதற்கு வைத்திருந்தார்கள். ஓடுவது தங்கை. ரோலன் கூடப் போய் ரயருக்குக் காற்றுப் பார்ப்பான்.

போன தடவை இறுக்கமான ஒரு வளைவில் ஸ்டியரிங்கைச் சுழற்றும்போது அவளுடைய கை தொடைக்கும் வளையத்துக்கும் நடுவில் சிக்கிவிட்டது. கார் புல்லுக்குள் இறங்கி, சில்லு வடிகானின் விளிம்பில் மோத, ஸ்டியரிங் திருப்பி உதறியது. வளையத்தின் குறுக்குக் கம்பிக்குள் மாட்டியிருந்த பெருவிரல் சுளுக்கிக்கொண்டது. தப்பியது தம்பிரான் புண்ணியம் என்றுதான் சொல்லவேண்டும்.

எனக்கு முதுகு நோவு. அன்று காலையிலிருந்து ஒரு லொறிக்குக் கீழே படுத்துக் கிடந்து எழும்பியிருந்தேன். "ரெண்டு பேரும் வீட்ட போய்க் கதைச்சு ஒரு முடிவோட வாங்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

முடிவு வரவில்லை. ஜெனிற்றா மட்டும் வந்தாள், கையில் ஒரு ஸ்டியரிங்கோடு.

நெஞ்சில் முட்டிய ஸ்டியரிங்

கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தாள். சின்ன வளையம், சுவேட் தோல், நடுப்பகுதி கோப்பை போல் ஆழமாக உள்ளே போயிருந்தது. பார்க்க வடிவுதான். வீடியோவில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றாள்.

"நீங்க ஓடுற மாதிரியே சீற்ற வைச்சு உள்ளுக்கு இருங்கோ தங்கச்சி" என்றேன்.

அவள் கட்டையான ஆள். கிளச்சை முழுக்க மிதிக்கவேண்டுமென்றால் சீற்றை நன்றாக முன்னுக்கு இழுக்கவேண்டும். முன்னுக்கு இழுத்தால் ஸ்டியரிங் கிட்ட வந்துவிடும். ஸ்டியரிங் பார்க்கிறவர்கள் கையை நீட்டி மணிக்கட்டை வளையத்தின் உச்சியில் வைத்துப் பார்ப்பார்கள். முதுகு சீற்றை விட்டு எழும்பாமல் மணிக்கட்டு அங்கே படியவேண்டும், அதுதான் அளவு. இவளுக்கு மணிக்கட்டையும் தாண்டி முன்கையில் பாதி வளையத்துக்கு அப்பால் நின்றது.

புது ஸ்டியரிங்கைப் பூட்டுவதென்றால் தண்டுக்கும் அதற்கும் இடையில் பொஸ் என்ற ஒரு துண்டு வரும். அதன் நீளத்தையும் சேர்த்து, அவள் கொண்டுவந்ததை அந்த இடத்தில் கையால் பிடித்துக் காட்டினேன். அவள் பிடித்துப் பார்த்தாள். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டன.

"இது நெஞ்சில வந்து முட்டுதே நானா."

"ஓம்."

"அப்ப இது உயரமான ஆக்களுக்கு."

"அதேதான். இன்னொண்டு, இந்த வளையத்துக்குள்ளால மீற்றரப் பாருங்கோ."

ஆர்.பி.எம். முள் பாதிக்கு மேல் மறைந்து போயிற்று. அவள் இறங்கி வந்து போனட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். களைத்த சிரிப்பு. பிறகு இருவரும் இருந்து யோசித்தோம். தொடைக்கு மேலே கை சிக்காத அளவுக்குச் சின்னது, மீற்றர் மறையாத அளவுக்குப் பெரியது: முந்நூற்றைம்பது மில்லிமீட்டர். ஆழமில்லாத தட்டை, கட்டைப் பொஸ். கை சின்னது என்றபடியால் வளையம் தடிப்பாக இருக்கக்கூடாது. சுவேட் வேண்டாம், இந்தக் காற்றிலும் வியர்வையிலும் இறுகிக் கருவாடாகிவிடும், சாதாரண தோல் போதும். பவர் ஸ்டியரிங் இருப்பதால் பாரம் பிரச்சினையில்லை. எல்லாவற்றையும் அவளே ஃபோனில் தேடி ஓர்டர் போட்டாள்.

"அண்ணனுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டின பிறகு சொல்லுவன்."

ரோலன் சொன்னது

இரண்டு நாள் கழித்து ரோலன் தனியே வந்தான். அலைன்மென்ட் மேசையில் ஒரு வான் ஏறியிருந்தது. அவன் கதிரையில் உட்காரவில்லை. வானின் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓர்டர் போட்டுட்டாள், தெரியும்" என்றான். "நீங்க பூட்டாதேங்கோ நானா."

நான் பூட்டாவிட்டால் வவுனியாவில் யாராவது பூட்டுவார்கள் என்றேன்.

அவன் சொன்னான்: "அப்பா மதவாச்சி ரோட்டில செத்தவர். பழைய வான். எயார்பேக் இல்ல. ஸ்டியரிங்க அறுத்துத்தான் அவரை வெளியில எடுத்தவங்கள். நான் பக்கத்தில நிண்டனான். அவள் அப்ப கொழும்பில படிச்சவள், பெட்டியிலதான் பார்த்தவள்."

தகப்பன் விபத்தில் போனதை நான் அறிந்திருந்தேன். இதை அறிந்திருக்கவில்லை. வானுக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ நசுங்கிய வண்டிகளைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே இருந்தவரைப் பற்றி நினைக்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டதால்தான் இந்தத் தொழிலில் நின்றுபிடித்தேன். அன்று அது முடியவில்லை.

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ட்ராக்கில் ஹெல்மெட்டும் நாலு பட்டி பெல்ட்டும் போட்டு ஓடுபவருக்கு எயார்பேக்கால் பெரிய உதவியில்லை. அங்கே அவளுக்கு ஆபத்து, கை சிக்குவது. ஆனால் அவள் அதே காரை மன்னாரிலிருந்து ட்ராக் வரை சாதாரண பெல்ட்டோடு ரோட்டில் ஓட்டிப் போகிறாள். லொறியும் பஸ்ஸும் மாடும் வரும் ரோட்டு. அங்கே எயார்பேக் இல்லாமல் போவதை என்னாலும் நல்லது என்று சொல்ல ஏலாது.

ஸ்டியரிங் வந்து சேர்ந்த அன்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

"நான் பூட்டித்தாறன். ஆனா பூட்டின பிறகு இந்தக் கார் ரோட்டில சில்லு வைக்கக்கூடாது. லொறியில ஏத்திக்கொண்டு போங்கோ. சம்மதமெண்டால் சொல்லுங்கோ, இல்லையெண்டால் பெட்டியத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கோ."

ஜெனிற்றாவின் முகம் விழுந்துவிட்டது. பின்னேரங்களில் கூரையைத் திறந்துவிட்டு, தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் தள்ளாடிப் பாலத்தில் கடல் இரண்டு பக்கமும் தெரிய ஓடுவாள். அது அவளுக்கு ட்ராக்கைவிட ஆசை என்று எனக்குத் தெரியும். ஐஸ் கம்பனியில் காலையிலிருந்து கத்திவிட்டு வருபவளுக்கு வேறு என்ன இருந்தது?

"பாலத்துக்குக் கூட ஏலாதோ?"

"ஏலாது தங்கச்சி."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐஸ் லொறிய நான் ஓட்டிக்கொண்டு வாறன். ஒவ்வொரு முறையும் வாறன்" என்றான். "அப்பாவ அப்பிடி எடுத்த மாதிரி உன்னை எடுக்க என்னால ஏலாது ஜெனி."

அதை அவன் அவளுக்கு அதுவரை சொன்னதேயில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து, "பூட்டுங்கோ நானா" என்றாள்.

பற்றரி வயரைக் கழற்றி, கரண்ட் முழுதாக இறங்கும்வரை காத்திருந்து, எயார்பேக்கை எடுத்து முகம் மேலே பார்க்க அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சில்லுகளை நேராக வைத்துப் புதியதைப் பொருத்தி, நட்டை டோர்க் அளவு பார்த்து இறுக்கினேன். ஹோர்ன் வயரைக் கொளுவியதும் அவள் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ட்ராக்கில்

முதல் ஓட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னார்கள். போக மனமில்லை. லொறிப் பயணம் முதுகுக்கு ஒத்துவராது. ஆனாலும் நான் பூட்டிய நட்டு என்பதால் போனேன்.

ஜெனிற்றா காரை ட்ராக்கில் இறக்கி ஓடத் தொடங்கியதும் ரோலன் ட்ராக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லொறியோடு நின்றான்.

"எங்க நிக்கிறாள் நானா?"

"பின்பக்க வளைவில."

"திரும்பிட்டாளோ?"

"திரும்பிட்டா. வாறா."

ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படிக் கேட்டான், ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னேன். பிறகு அதே இறுக்கமான வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அந்த மௌனத்தில் ரோலன் திரும்பிவிட்டான்.

புழுதி எழும்பியது. அதற்குள் அவளுடைய கைகள் வளையத்தை ஒரு பக்கம் முழுதாகச் சுழற்றி, உடனே மறுபக்கம் சுழற்றுவது தெரிந்தது. கார் எதிர்ப்புறம் பார்த்தபடி ட்ராக்கின் நடுவிலேயே நின்றது. புல்லுக்குள் இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்பி, மெல்ல ஓடி உள்ளே வந்தது.

ரோலன் ஓடிப்போய் ஹெல்மெட் பட்டியைக் கழற்றப் பார்த்தான். அவன் இழுத்த இழுப்பில் கொக்கி இன்னும் இறுகியது. அவளே கழற்றிக்கொண்டாள்.

"கை சிக்கேல்ல அண்ணா," என்றாள். "பார்த்தனியோ?"

"பார்த்தனான்" என்றான் அவன்.

அன்று அவளுடைய சுற்று நேரம் ஒன்றும் பெரிதாக இல்லை. அவளைவிட வேகமாக ஓடியவர்கள் நிறையப் பேர். திரும்பும் வழியில் லொறியின் முன்சீற்றில் இரண்டு பேரும் தகப்பனைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன், நித்திரை வரவில்லை.

இப்போதும் பொடியன்கள் ஃபோனில் ஸ்டியரிங் படத்தோடு வருகிறார்கள். வான், கார், எதற்கும் ஒன்று பூட்டவேண்டுமாம். நான் சைஸ் கேட்பதில்லை. வண்டி எந்த ரோட்டில் ஓடும், வீட்டில் இதை வேண்டாம் என்று சொல்பவர் யார், ஏன் சொல்கிறார் என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வேண்டாம் என்பவரையும் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள்.